‘அது என் காலத்துக்கு முன்’: பால்சன் பிஸ்கட் குடும்பத்தின் கதை

2019 மே மாதம் ஹாம்பர்க் நகரில் ஒரு பெரிய மார்க்கெட்டிங் மாநாடு நடந்தது. மேடையில் பேசியவர்களில் ஒருவர் வெரேனா பால்சன். ஜெர்மனியில் குழந்தைகளுக்குக்கூடத் தெரிந்த பால்சன் பிஸ்கட் நிறுவனத்தின் வாரிசு, நிறுவனரின் கொள்ளுப்பேத்தி. தான் ஒரு முதலாளித்துவவாதி, நிறுவனத்தில் கால் பங்கு தன்னுடையது, லாபப் பங்கில் பாய்மரப் படகு வாங்க வேண்டும் என்றெல்லாம் உற்சாகமாகப் பேசினார். பேச்சு வெளியே பரவியதும் ஒரு கேள்வி கிளம்பியது. இந்தச் சொத்தில் இரண்டாம் உலகப் போர்க் காலத்துக் கட்டாயத் தொழிலாளர்களின் உழைப்பும் சேர்ந்திருக்கிறதே, அது நினைவில் இருக்கிறதா?

‘பில்ட்’ பத்திரிகை அவரிடமே கேட்டது. அதெல்லாம் தன் காலத்துக்கு முன்பு நடந்தது என்றார். கட்டாயத் தொழிலாளர்களுக்கும் ஜெர்மானியர்களுக்குக் கொடுத்த அதே கூலியைத்தான் கொடுத்தோம், நன்றாகத்தான் நடத்தினோம் என்றும் சொன்னார். அடுத்த சில நாட்களில் அது உலகச் செய்தியாகிவிட்டது. நிறுவனம் அந்தக் கருத்திலிருந்து விலகிக்கொண்டது. அவரும் மன்னிப்புக் கேட்டார்.

அந்தப் பதிலில் என்னை நிறுத்தியது ஒரு விகுதி. ‘என் காலத்துக்கு முன்’ என்று சொன்ன அதே வாய், ‘கொடுத்தோம், நடத்தினோம்’ என்றும் சொல்கிறது. பிறப்பதற்கு ஐம்பது வருடம் முன்பு நடந்ததை ஒருவர் எப்படி ‘நாங்கள் செய்தோம்’ என்று சொல்ல முடியும்? குடும்ப நிறுவனத்தில் அப்படித்தான் சொல்வார்கள். ‘நாங்கள் 1889 முதல் பிஸ்கட் செய்கிறோம்’ என்பதுதான் அந்த வியாபாரத்தின் முதலீடே. பொட்டலத்தின் மேல் அச்சாகும் பெயர், அந்த வீட்டில் பிறக்கும் குழந்தையின் பெயரும்கூட. அந்த ‘நாங்கள்’ எப்படி உருவானது, அதற்குள் எதைச் சேர்த்துக்கொண்டார்கள், எதை வெளியே நிறுத்தினார்கள் என்று பார்த்தால்தான் 2019இன் சலசலப்பு சரியாகப் புரியும்.

லண்டனில் பார்த்தது

ஹெர்மன் பால்சன் 1859இல் வடஜெர்மனியின் ஹனோவர் நகரில் பிறந்தவர். இளம் வயதில் சர்க்கரை வியாபாரத்தில் இருந்தார், அந்த வேலையாக லண்டனில் தங்கியிருந்தார். அன்றைய இங்கிலாந்து பிஸ்கட்டின் தலைநகரம். அங்கே பிஸ்கட் ஆலையில் இயந்திரத்தில் தயாராகி, தகர டப்பாவில் ஊர் ஊராகப் போய்க்கொண்டிருந்தது. ரொட்டியைப் போல மறுநாளே காய்ந்து போகாத, வாரக்கணக்கில் வைத்துச் சாப்பிடக்கூடிய பண்டம். ஊர் திரும்பிய ஹெர்மன், ஆங்கிலப் பாணியில் கேக்கும் பிஸ்கட்டும் செய்துகொண்டிருந்த ஒரு சிறு தொழிலை வாங்கி, 1889 ஜூலையில் ‘ஹனோவர் கேக்ஸ் ஆலை’ என்று தொடங்கினார். அப்போது வேலையாட்கள் பத்துப் பேர்.

1891இல் வந்தது அவர்களுடைய பெயர்பெற்ற பிஸ்கட். மாவு, வெண்ணெய், சர்க்கரை சேர்த்த செவ்வக பிஸ்கட், ஓரமெல்லாம் பல் பல்லாக இருக்கும். மொத்தம் 52 பல். ‘52 பல் இருந்தால்தான் அசல்’ என்பது பின்னாளில் அவர்களுடைய விளம்பர வாசகமே ஆனது. ஆனால் அந்த வடிவம் ஹெர்மன் கண்டுபிடித்ததில்லை. பிரான்சின் நான்ட் நகரில் லெஃபெவ்ர் உட்டில் குடும்பம் 1886இலேயே ‘பெத்தி ப்யூர்’ என்று பல் வைத்த வெண்ணெய் பிஸ்கட்டை விற்றுக்கொண்டிருந்தது. ஆக, ஆங்கிலத் தொழில்நுட்பம், பிரெஞ்சு வடிவம் இரண்டையும் எடுத்து ஹனோவரில் ஜெர்மன் பிஸ்கட்டாக்கினார். (மேலே தெரியும் குத்துப் புள்ளிகளை அழகுக்கு என்று நினைக்க வேண்டாம். எல்லா ஆலையிலும் மாவில் துளை போடுவார்கள். அடுப்பில் உண்டாகும் நீராவி அந்தத் துளை வழியே வெளியேறாவிட்டால் பிஸ்கட் பூரி போல உப்பிவிடும்.)

பண்டம் இரவல். பெயர் வைத்ததில்தான் அவர் கெட்டிக்காரர். அதற்கு ‘லைப்னிட்ஸ் கேக்ஸ்’ என்று பெயரிட்டார். தத்துவ அறிஞரும் கணித மேதையுமான லைப்னிட்ஸ், 1676 முதல் 1716இல் இறக்கும் வரை நாற்பது ஆண்டுகள் ஹனோவர் அரசவையில் நூலகராகவும் ஆலோசகராகவும் இருந்தவர். நுண்கணிதத்தை நியூட்டனோடு சமகாலத்தில் தனியாகக் கண்டறிந்தவர். அவருக்கும் இந்த பிஸ்கட்டுக்கும் ஒரு தொடர்பும் கிடையாது. ஊரின் பெரிய மனிதர் என்பது ஒன்றுதான் காரணம். தின்பண்டங்களுக்குப் பெரியவர்கள் பெயரை வைப்பது அப்போது வழக்கமாகவே இருந்தது. ஆஸ்திரியாவில் மோட்சார்ட் உருண்டை, ஜெர்மனியில் பிஸ்மார்க் மீன் என்று நிறைய உண்டு. ஆனால் இன்று ‘லைப்னிட்ஸ்’ என்றதும் பல ஜெர்மன் குழந்தைகளுக்கு முதலில் நினைவுக்கு வருவது பிஸ்கட். பள்ளியில் மேல் வகுப்புக்குப் போனபிறகுதான் மனிதர் வருகிறார்.

1893இல் சிகாகோவில் நடந்த உலகக் கண்காட்சியில் இந்த பிஸ்கட் பரிசு பெற்றது. தொழில் தொடங்கி நான்கே வருடம்.

ஒரு மொழிக்குள் சொல்லை நுழைத்த கதை

ஹெர்மன் தன் சரக்கை ‘கேக்ஸ்’ என்று ஆங்கிலப் பெயரிலேயே, ஆங்கில எழுத்துக்கூட்டலிலேயே விற்றார். ஜெர்மானியர்கள் அதைத் தங்கள் எழுத்து முறைப்படி ‘காக்கெஸ்’ என்று படித்தார்கள். தமிழில் இந்தச் சிக்கலே வராது, காதில் விழுவதை அப்படியே எழுதிவிடுவோம். அங்கே எழுத்து ஒன்று, ஒலி வேறு. கடையில் போய்க் கேட்க நா கூசும் பெயரை வைத்துக்கொண்டு எப்படி வியாபாரம் செய்வது? 1911இல் எழுத்துக்கூட்டலை ஜெர்மன் முறைக்கு மாற்றி, யார் படித்தாலும் ‘கேக்ஸ்’ என்றே ஒலிக்கும்படி செய்தார். 1915இல் ஜெர்மன் மொழியின் அதிகாரபூர்வ அகராதியான டூடன் அந்தச் சொல்லைச் சேர்த்துக்கொண்டது.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. ஆங்கிலத்தில் அது பன்மை. ஜெர்மனில் ஒருமையாகிவிட்டது. ஒன்று என்றால் ‘கேக்ஸ்’, நிறைய என்றால் ‘கேக்ஸெ’. நாம் ஒற்றைக் காலுக்கும் ‘சாக்ஸ்’ என்று சொல்வதைப் போலத்தான். கடன் வாங்கிய சொல், வந்த வீட்டின் வழக்கத்துக்குப் பழகிக்கொள்கிறது. இன்று ஜெர்மன் பேசும் பத்துக் கோடிப் பேர் எந்த நிறுவனத்தின் பிஸ்கட்டைக் கையில் வைத்திருந்தாலும் ஹெர்மன் பால்சன் எழுதிக் காட்டிய சொல்லைத்தான் சொல்கிறார்கள். அகராதியிலேயே இடம் பிடித்த வியாபாரிகள் அதிகம் இருக்க மாட்டார்கள்.

நமுத்துப் போகாத பொட்டலம்

பிஸ்கட் தொழிலின் முதல் எதிரி காற்றிலுள்ள ஈரம். சூளையிலிருந்து வரும்போது பிஸ்கட்டில் நீர் மிகமிகக் குறைவு, அதனால்தான் மொறுமொறுப்பு. திறந்து வைத்தால் காற்றின் ஈரத்தை உறிஞ்சி நமுத்துவிடும். அந்தக் காலத்துக் கடையில் பெரிய டப்பாவிலிருந்து அள்ளி எடை போட்டுக் கொடுப்பார்கள். டப்பாவின் அடிக்குப் போகப் போக நமுத்த பிஸ்கட்தான் கிடைக்கும். யார் செய்த பிஸ்கட் என்பதும் வாங்குகிறவருக்குத் தெரியாது.

1904இல் பால்சன் ஈரமும் தூசியும் புகாத அட்டைப் பொட்டலத்தைக் கொண்டுவந்தது. அதற்கு ‘டெட்’ என்று பெயர். பழைய எகிப்திய மொழியில் ‘என்றென்றும் நிலைப்பது’ என்று பொருள்படும் சொல்லிலிருந்து எடுத்தது. எகிப்தியப் பட எழுத்தில் அந்தச் சொல்லை எழுத ஒரு நாகம் வரைவார்கள், பக்கத்தில் ஒரு சிறு அரைவட்டம் வரும். அந்த அரைவட்டம் எகிப்தியருக்கு ஒரு ரொட்டித் துண்டின் படம். அடுமனைக்காரருக்கு இதைவிடப் பொருத்தமான எழுத்து கிடைக்காது. அந்தச் சின்னம் இன்றும் நிறுவனத்தின் அடையாளமாக இருக்கிறது.

பொட்டலம் மாறியதும் வியாபாரமே மாறிவிட்டது. கடைக்காரர் கையால் அள்ளிக் கொடுப்பது போய், ஆலையில் மூடியது வாங்குகிறவர் வீட்டில்தான் திறக்கும் என்று ஆனது. அப்படியானால் நம்பிக்கை வைக்க வேண்டியது கடைக்காரர் மேல் இல்லை, பொட்டலத்தின் மேலுள்ள பெயர் மேல். அதற்கு அடுத்த வருடம் ஆலையில் ஓடும் பட்டை வைத்து வேலையைத் தொடர்ச்சியாக்கினார்கள். ஃபோர்டு கார் ஆலைக்கு எட்டு வருடம் முன்பே இது நடந்தது என்று ஹனோவர்க்காரர்கள் பெருமையாகச் சொல்வார்கள். பட்டையின் ஓரம் நின்று அடுக்கியவர்களும் கட்டியவர்களும் பெரும்பாலும் பெண்கள்.

விளம்பரத்திலும் ஹெர்மன் கை தாராளம். ‘பயணத்தில் மனிதகுலம் என்ன தின்கிறது? வேறென்ன, லைப்னிட்ஸ் கேக்ஸ்தான்!’ என்ற எதுகை வாசகம் 1890களிலேயே வந்துவிட்டது. ரயில் பயணம் பெருகிய காலம் அது, பெட்டியில் உதிராமல் கெடாமல் இருக்கும் தீனி தேவைப்பட்டது. பொட்டலமும் சுவரொட்டியும் வரைய ஆன்னே கோக்கென், மார்ட்டெல் ஷ்விஷ்டென்பெர்க் போன்ற ஓவியர்களை அழைத்தார். இருவரும் பெண்கள் என்பதைத் தனியாகச் சொல்லத் தோன்றுகிறது. ஜெர்மனியின் கலைக் கல்லூரிகள் பெண்களைச் சேர்த்துக்கொள்ளவே தயங்கிய காலத்தில் ஒரு பிஸ்கட் ஆலை அவர்களுக்கு வேலை கொடுத்திருக்கிறது.

கட்டாத நகரம்

ஹனோவரின் போட்பியெல்ஸ்கி தெருவில் 1910, 1911 வாக்கில் கட்டிடக் கலைஞர் கார்ல் ஸீப்ரெஹ்ட் கட்டிய நிர்வாக மாளிகை இன்றும் நிற்கிறது. அதோடு ஹெர்மனுக்கு ஆசை அடங்கவில்லை. முதல் உலகப் போர் நடந்துகொண்டிருந்தபோதே சிற்பி பெர்ன்ஹார்ட் ஹோட்கரிடம் ‘டெட் நகரம்’ என்று ஒரு முழு ஊரையே வரையச் சொன்னார். ஆலை, வேலையாட்களுக்கு வீடுகள், கலைக்கு இடம் எல்லாம் ஒன்றாக, எகிப்தியக் கோவில்களின் சாயலில் எழும்ப வேண்டும் என்பது கனவு. வெளியே ஐரோப்பா சிதறிக்கொண்டிருந்தது, உள்ளே ஒரு பிஸ்கட்காரர் என்றும் நிலைக்கும் ஊருக்குத் திட்டம் போட்டுக்கொண்டிருந்தார். போரில் ஜெர்மனி தோற்றது, பணம் கரைந்தது. 1919 நவம்பரில், அறுபது வயதை எட்டச் சில நாட்களே இருந்தபோது ஹெர்மன் இறந்தார். டெட் நகரம் வரைபடத்தோடு நின்றுவிட்டது. ஹோட்கர் பிறகு பிரேமன் நகரில், காஃபி வியாபாரி ரோஸெலியுஸுக்காக பெட்ஷர் தெருவின் சில முக்கியக் கட்டிடங்களைக் கட்டினார். அங்கே போகிறவர்கள் டெட் நகரம் எப்படி இருந்திருக்கும் என்று ஓரளவு ஊகிக்கலாம்.

குடும்பக் கதைகளில் வழக்கமாக இங்கே ஒரு கோடு போடுவார்கள். கனவு கண்ட நிறுவனர், கலையை நேசித்த முதலாளி, அழகான பொட்டலம் என்று எல்லாம் பெருமைக்குரியவை. அப்புறம் ஒரே தாண்டலில் 1950களுக்குப் போய்விடுவார்கள். பால்சன் குடும்பமும் பல காலம் அப்படித்தான் சொல்லிவந்தது. நடுவில் விட்டுப்போன பகுதிதான் இந்தக் கட்டுரைக்கு முக்கியம்.

விட்டுப்போன பகுதி

ஹெர்மனுக்குப் பிறகு மகன்கள் ஹான்ஸ், வெர்னர், கிளவுஸ் ஒவ்வொருவராக நிர்வாகத்துக்கு வந்தார்கள். 1935இல் உப்புக் குச்சிகளை அறிமுகப்படுத்தினார்கள். வியாபாரம் விரிந்தது. 1933இல் ஹிட்லர் ஆட்சிக்கு வந்திருந்தார். சகோதரர்கள் நாஜிக் கட்சியில் சேர்ந்தார்கள். போர் தொடங்கியதும் படைக்கு உலர் ரொட்டியும் பிஸ்கட்டும் தேவைப்பட்டன, பால்சன் போருக்கு அவசியமான நிறுவனங்களில் ஒன்றானது. அப்படி ஆனால்தான் மாவும் சர்க்கரையும் கரியும் ஒதுக்கீட்டில் கிடைக்கும், ஆலை மூடப்படாது.

ஆட்கள்தான் இல்லை. ஆண்கள் போர்முனைக்குப் போய்விட்டார்கள். ஜெர்மன் தொழில்கள் முழுவதும் செய்ததையே பால்சனும் செய்தது. ஜெர்மனி கைப்பற்றிய நாடுகளிலிருந்து ஆட்களைக் கொண்டுவந்தது. 1940இலிருந்து போலந்து மக்கள், பிறகு உக்ரைன் மக்கள், பெரும்பாலும் பெண்கள். ஆக்கிரமிக்கப்பட்ட கீவ் நகரில் ஒரு பிஸ்கட் ஆலையை நடத்தும் பொறுப்பையும் பால்சன் எடுத்துக்கொண்டது.

‘அதே கூலி’ என்ற சொல்லை இந்த இடத்தில்தான் உரசிப் பார்க்க வேண்டும். ஒரு முதலாளி மனம் வைத்தாலும் அதே கூலி கொடுக்க முடியாதபடி சட்டமே இருந்தது. போலந்துத் தொழிலாளர்கள் மேல் 1940இல் 15 சதவீதத் தனி வரி விதிக்கப்பட்டது. அவர்கள் சட்டையில் ‘பி’ என்ற எழுத்தைத் தைத்துக்கொள்ள வேண்டும், அனுமதியில்லாமல் ஊரை விட்டு நகரக் கூடாது, ஜெர்மானியர்களுடன் பழகக் கூடாது. சோவியத் பகுதியிலிருந்து வந்தவர்களுக்கு 1942இல் வந்த விதிகள் இன்னும் கொடியவை. ‘ஓஸ்ட்’, அதாவது ‘கிழக்கு’ என்று பொறித்த துணிப் பட்டையை நெஞ்சில் அணிய வேண்டும். காவல் போட்ட முகாமில் தங்க வேண்டும். அவர்களுடைய கூலி விகிதமே தனி. சாப்பாட்டுக்கும் தங்குமிடத்துக்கும் பிடித்ததுபோகக் கையில் மிஞ்சுவது சொற்பம். வேலையை விட்டுப் போகலாம் என்ற பேச்சுக்கே இடமில்லை. ஓடிப்போனவர்களை ரகசியக் காவல்துறை பிடித்துத் தண்டனை முகாமுக்கு அனுப்பியது. கூலி எவ்வளவு என்ற கேள்விக்கு முன்னால், வாசலைத் தாண்டிப் போக முடியுமா என்ற கேள்வி இருக்கிறது.

வெரேனா பால்சன் பொய் சொன்னார் என்று நான் நினைக்கவில்லை. வீட்டில் சொல்லிக்கேட்டதைத்தான் அவர் திருப்பிச் சொன்னார் என்று நினைக்கிறேன். எனக்கு அதுதான் கவலை தருகிறது. மூன்று தலைமுறை சாப்பாட்டு மேசையில் ‘நன்றாகத்தான் நடத்தினோம்’ என்று பேசிப் பேசி, அந்தச் சொல் ஒரு பொட்டலமாகிவிட்டது. காற்றுப் புகாமல் மூடி வைத்ததால் அது அப்படியே இருந்தது.

உப்பு ஒரு பக்கம், சர்க்கரை ஒரு பக்கம்

போர் முடிந்து, ஹனோவர் பெரும்பகுதி குண்டுவீச்சில் இடிந்து கிடந்தபோது ஆலை பிரிட்டிஷ் படையின் ஆட்சியில் மறுபடி ஓடத் தொடங்கியது. மேற்கு ஜெர்மனி செழித்த 1950களில் உப்புக் குச்சி தொலைக்காட்சிப் பெட்டியோடு சேர்ந்து வீட்டுக்கு வீடு வந்தது. 1960களில் உருளைக்கிழங்கு சிப்ஸ். அப்புறம் வெளிநாட்டுக் கிளைகள், அமெரிக்காவில்கூட ஒரு பிஸ்கட் நிறுவனம்.

மூன்றாம் தலைமுறையில் சண்டை வந்தது. குடும்பத் தொழிலில் சொத்து பெருகப் பெருக வாரிசுகளும் பெருகுவார்கள், ஒரு நாற்காலியைச் சுற்றிப் பலர் நிற்பார்கள். வெர்னரின் மகன்களான வெர்னர் மிஷாயெலும் லோரென்ட்ஸும் 1999இல் தொழிலைச் சுவை பார்த்துப் பிரித்தார்கள். இனிப்பு பிஸ்கட் முழுவதும் பால்சன் என்ற பெயரோடு வெர்னர் மிஷாயெலிடம். சிப்ஸ், உப்புக் குச்சி, கடலை எல்லாம் லோரென்ட்ஸிடம், ‘லோரென்ட்ஸ்’ என்ற அவருடைய சொந்தப் பெயரிலேயே. இன்றைக்கு ஜெர்மன் கடையில் இரண்டும் பக்கத்துப் பக்கத்து அடுக்கில் இருக்கும்.

இதற்கிடையே ஊர் அந்த பிஸ்கட்டை எவ்வளவு சொந்தமாக நினைத்தது என்பதற்கு ஒரு சம்பவம். நிர்வாக மாளிகையின் முகப்பில் சிற்பி கியோர்க் ஹெர்ட்டிங் செய்த, இருபது கிலோ எடையுள்ள பொன்னிற உலோக பிஸ்கட் ஒன்று தொங்கும். 2013 ஜனவரியில் அது காணாமல் போனது. பிறகு ஒரு கடிதம் வந்தது. ‘செஸமி ஸ்ட்ரீட்’ நிகழ்ச்சியின் குக்கி மான்ஸ்டர் பெயரில் எழுதியவர்கள், மருத்துவமனையிலுள்ள குழந்தைகளுக்கு பிஸ்கட் கொடுக்க வேண்டும், விலங்குக் காப்பகத்துக்குப் பணம் தர வேண்டும் என்று கேட்டிருந்தார்கள். மிரட்டலுக்குப் பணிய மாட்டோம், ஆனால் திரும்பி வந்தால் 52 சமூக அமைப்புகளுக்கு 52,000 பொட்டலம் தருகிறோம் என்றது நிறுவனம். பிப்ரவரியில் அந்தத் தங்க பிஸ்கட் பல்கலைக்கழகத்தின் முன்னாலிருக்கும் குதிரைச் சிலையின் கழுத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. அந்தப் பல்கலைக்கழகத்தின் பெயர் லைப்னிட்ஸ் பல்கலைக்கழகம். எடுத்தவர்கள் யார் என்று இன்றுவரை யாரும் முன்வந்து சொல்லவில்லை. ஊரே ரசித்தது. ஆறு வருடம் கழித்து அதே நிறுவனத்தைப் பற்றி உலகம் பேசியபோது சிரிக்க எதுவும் இருக்கவில்லை.

ஆவணங்கள் திறந்தபோது

கட்டாயத் தொழிலாளர் விவகாரம் 2019இல்தான் முதலில் எழுந்தது என்றும் சொல்ல முடியாது. முன்பு வேலை செய்தவர்கள் தொடுத்த வழக்குகள், காலம் கடந்துவிட்டது என்று 2000 வாக்கில் தள்ளுபடியாயின. அதே சமயத்தில் ஜெர்மன் அரசும் தொழில் நிறுவனங்களும் சேர்ந்து 1,000 கோடி மார்க் நிதியில் ‘நினைவு, பொறுப்பு, எதிர்காலம்’ என்ற அறக்கட்டளையை நிறுவின. பால்சன் அதற்கு 15 லட்சம் மார்க் கொடுத்தது. அந்த அறக்கட்டளை 2007 வரை ஏறக்குறைய 16.6 லட்சம் பேருக்கு இழப்பீடு வழங்கியது. பணம் கொடுத்தார்கள், ஆனால் கதையைத் தோண்டவில்லை. நிறுவனம் சொல்லிவந்த எண்ணிக்கை இருநூறுக்கு மேல் சிலர் என்ற அளவில் நின்றது.

2019 சலசலப்புக்குப் பிறகுதான் வரலாற்றாளர் மன்ஃப்ரெட் கிரீகரை ஆய்வுக்கு அமர்த்தினார்கள். அவரும் ஹார்ட்முட் பெர்க்ஹோஃபும் எழுதிய விரிவான நூல் 2024இல் வந்தது. அதன் கணக்கு 800 பேர் அளவில் இருந்தது. நிறுவனம் நம்பிவந்ததைப் போலப் பல மடங்கு. நாஜி ஆட்சியோடு நிறுவனம் எவ்வளவு நெருங்கி இயங்கியது, அதனால் எவ்வளவு பயனடைந்தது என்பதும் அதில் விளக்கமாக இருக்கிறது.

தங்கள் பங்குக்கு பால்சன் குடும்பத்தார் செய்தது பாராட்டத்தக்கது என்றே நினைக்கிறேன். ஆவணங்களைத் திறந்து, முடிவில் கை வைக்காமல் வெளியிட விட்டார்கள். போரைத் தங்கள் நிறுவனம் எப்படித் தாண்டி வந்தது என்ற சாதாரணக் கேள்வியைக்கூடக் குடும்பமாகத் தாங்கள் கேட்டுக்கொள்ளவில்லை என்று அப்போது ஒப்புக்கொண்டார்கள். நடந்த அநியாயத்துக்கு வருத்தமும் தெரிவித்தார்கள்.

1942இல் பதினெட்டு வயதில் ஹனோவருக்குக் கொண்டுவரப்பட்டு, பட்டையோரம் நின்று பிஸ்கட் அடுக்கிய ஒரு பெண், அந்த நூல் அச்சாகி வந்தபோது உயிரோடு இருந்திருந்தால் வயது நூறு ஆகியிருக்கும்.